நியூரோசயின்ஸ் மேஜர் எடுத்தவர்களே, இன்னும் உறுத்துவது எது?

கிளியல்செல்:
மேஜர், அதாவது பட்டப்படிப்பின் முதன்மைப் பாடம், அறிவிக்கப் போன அன்று அட்வைசர் செய்த ஒன்று மனசை விட்டுப் போகவே இல்லை, அதனால்தான் இதைத் தொடங்குகிறேன். தேவைப்படும் பாடங்களின் பட்டியல் உங்களுக்கெல்லாம் மனப்பாடம், மறுபடி எழுதப் போவதில்லை. அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, பென்சிலால் அம்புக்குறி போட ஆரம்பித்தார். ஜெனரல் கெமிஸ்ட்ரியின் முதல் பகுதியிலிருந்து இரண்டாம் பகுதிக்கு, அங்கிருந்து ஆர்கானிக்குக்கு, அங்கிருந்து பயோகெமிஸ்ட்ரிக்கு. கால்குலஸிலிருந்து ஒன்று ஃபிசிக்ஸுக்கு. பயாலஜியிலிருந்து கிளம்பியது செல்லுலார் நியூரோவில் போய் முட்டியது. "மூளை எங்கே வருகிறது?" என்று கேட்டேன். பென்சிலைத் திருப்பி, தாளின் அடியில் இருந்த வரிகளைத் தட்டினார். "மூளையைப் பிடிக்கும் என்று வருகிறவர்கள் நிறைய. பொட்டாசியத்தைப் பிடிக்குமா என்று பாருங்கள்."

பயமுறுத்தினாரா, உள்ளதைச் சொன்னாரா என்று இன்றுவரை பிடிபடவில்லை. உங்களுக்கு எது?

மில்லிவோல்ட்:
உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் கெமிஸ்ட்ரியை விட ஃபிசிக்ஸும் கால்குலஸும்தான் அடித்தளம் என்பேன்.

ஃபிசிக்ஸ் வகுப்பில் மின்தேக்கி, மின்தடை என்று கணக்கு போட்டுத் தள்ளினோம். செல் சவ்வு என்ற பேச்சே அங்கே எழவில்லை. அப்புறம் நியூரோ லேபில், ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து 1952-இல் வெளியிட்ட, நரம்பில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்று காட்டும் சமன்பாடுகளைப் பைத்தான் நிரலில் ஓட்டச் சொன்னார்கள். மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன். சவ்வின் மின்னழுத்தத்தைக் காட்டும் கோடு மைனஸ் 65 மில்லிவோல்ட்டில் கிடந்தது, அது லேசாக மேடு தட்டி அடங்கிவிடுகிறது. இன்னும் ஒரு பொட்டு கூட்டினேன். விருட்டென்று எழும்பி, பூஜ்யத்தைத் தாண்டிப் போய், அதே வேகத்தில் விழுந்து, கிளம்பிய இடத்துக்கும் கீழே இறங்கி, அப்புறம் மெதுவாக மேலே வந்தது. அந்தக் கீழிறக்கம் பொட்டாசியத்தின் வேலை, அதன் வழி மூடத் தாமதமாகும். சோடியத்தின் கடத்துதிறனைப் பூஜ்யமாக்கிப் பார்த்தேன். எவ்வளவு கொடுத்தாலும் அந்தப் பாய்ச்சல் வரவில்லை.

சவ்வுதான் மின்தேக்கி என்று ஃபிசிக்ஸ் வகுப்பில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அரைக்கோளம்:
நீங்கள் எல்லாம் திரையில் பார்த்தீர்கள். எனக்கு ஆட்டு மூளை.

நியூரோ அனாட்டமி லேப் தேர்வு எப்படி நடக்கும் என்று தெரியும்தானே. மேசைக்கு மேசை ஒரு மூளை, அதில் கொடி கட்டிய ஒரு ஊசி, அது குத்தியிருக்கும் பகுதியின் பெயரை எழுத வேண்டும், மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். நடுவே பிளந்து வைத்திருந்தார்கள். சிறுமூளையின் வெட்டுமுகத்தில் மரக்கிளை போலப் பிரியும் அந்த வெள்ளைப் பகுதி அவ்வளவு தெளிவாக இருந்தது, பக்கத்தில் நின்றவர் ஃபார்மலின் நெடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை ரசித்துக்கொண்டிருந்தார். என் மேசையில் ஊசி நின்றது நடுமூளையின் கூரையில். மேலே இருக்கும் மேடு பார்வைக்கு, கீழே இருப்பது கேட்பதற்கு, அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஊசி இரண்டுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் குத்தியிருந்தது! குனிந்து இந்தப் பக்கம் பார்க்கிறேன், அந்தப் பக்கம் பார்க்கிறேன், மணி அடித்துவிட்டது. "கீழ் மேடு" என்று எழுதினேன். விடை "மேல் மேடு" என்றார்கள். எனக்கு முன்னால் அந்த மேசையில் நின்ற யாரோ ஊசியைத் தட்டியிருக்க வேண்டும் என்று சொன்னேன், லேப் உதவியாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்டாட்ஸ்பித்தன்:
என் கதை சின்னது. ஸ்டாட்ஸை, அதாவது புள்ளியியலை, கடைசி வருடத்துக்குத் தள்ளிவைத்திருந்த வகுப்புத்தோழி, ஆய்வறிக்கை வாய்மொழித் தேர்வில் "எத்தனை ஒப்பீடுகள் செய்தீர்கள், அதற்குத் திருத்தம் செய்தீர்களா?" என்ற கேள்விக்குப் பேச்சில்லாமல் நின்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வியர்த்தது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். ஸ்டாட்ஸை முதல் இரண்டு வருடத்துக்குள் முடியுங்கள். 2009-இல் செத்த சால்மன் மீனை மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் வைத்து மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டிய கதை தெரியும் அல்லவா? திருத்தம் செய்யாமல் பார்த்தபோது அந்த மீனின் மூளையிலும் "செயல்பாடு" தெரிந்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியாகச் சோதித்தால் சில தற்செயலாகவே ஒளிரும். 2012-இல் அதற்கு, சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. இதைச் சிரித்துவிட்டு விடாதீர்கள், உங்கள் தரவிலும் ஒரு மீன் இருக்கலாம்.

இன்னொன்று. சைக்காலஜி துறை நடத்தும் ஸ்டாட்ஸ் உங்கள் மேஜருக்கு ஏற்கப்படுமா, கணிதத் துறையுடையதுதான் வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பாஸ், ஃபெயில் முறையில் எடுத்த பாடத்தைப் பல இடங்களில் மேஜர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆய்வகத்தில் வேலை பார்த்ததற்கான கிரெடிட்டில் எவ்வளவு விருப்பப்பாடமாக எண்ணப்படும் என்பதற்கும் உச்சவரம்பு இருக்கும். மருத்துவப் படிப்புக்குப் போகிறவர்கள் மேஜர் பட்டியலை மட்டும் நம்பக் கூடாது. மேஜர் ஆர்கானிக்கில் ஒரு பகுதியோடு விட்டுவிடலாம், மருத்துவக் கல்லூரி அதற்கு மேலும் கேட்கலாம். பி.ஏ.வா பி.எஸ்ஸா என்பதையும்

மில்லிவோல்ட்:
பாதியில் நின்றுவிட்டது, நல்லவேளை. யாரும் ஆலோசனை கேட்கவில்லையே நண்பரே. உறுத்துவது எது என்றுதான் கேள்வி.

ஸ்டாட்ஸ்பித்தன்:
பி.ஏ.வில் ஃபிசிக்ஸ் சில இடங்களில் கட்டாயமில்லை என்று சொல்ல வந்தேன். உங்கள் கோபமே மிச்சமாகியிருக்கும்.

கடல்குதிரை:
சண்டை போதும். நான் சைக்காலஜி பக்கத்திலிருந்து வந்தவள். கட்டாயப் பாடமான மெமரி வகுப்பில் எச்.எம். என்ற புகழ்பெற்ற நோயாளியின் கதை வந்தது. 1953-இல் வலிப்புக்காக அவருக்கு இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை நீக்கியதும் அப்புறம் புது நினைவுகள் தங்காததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்களுக்கு ஆளுக்கொரு நட்சத்திரப் படமும் கண்ணாடியும் கொடுத்தார்கள். கையை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் பார்த்தே கோட்டின் மேல் வரைய வேண்டும். முனையில் திரும்பும்போது பென்சில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது, கை சொன்னபடி கேட்கவே மாட்டேன் என்கிறது. வகுப்பே கூச்சலும் சிரிப்பும். அப்போது பேராசிரியர் சொன்னார்: இதே வேலையை பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் எச்.எம்.முக்கு மூன்று நாள் கொடுத்தார், நாளுக்கு நாள் தவறு குறைந்தது, ஆனால் முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. சிரிப்பு சட்டென்று நின்றது.

நான் இந்த மேஜருக்கு மாறியது அதனால்தான். மாறிய கையோடு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். என் தோழி அந்த அம்புக்குறித் தாளைப் பார்த்துவிட்டு சைக்காலஜியிலேயே தங்கிவிட்டாள். அவளும் மூளையைப் பற்றித்தான் படிக்கிறாள், கெமிஸ்ட்ரி இல்லாமல். யார் கெட்டிக்காரி என்று சொல்லுங்கள்.

பழையமாணவன்:
அறிமுக வகுப்புத் தேர்வு. மனித மூளையில் எத்தனை நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள்? சுமார் 8,600 கோடி என்று எழுதினேன். 2009-இல் வந்த எண்ணிக்கை அதுதான். விடைத்தாளில் 10,000 கோடி. மதிப்பெண் போச்சு. கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு போய் நின்றேன். "பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள்" என்றார்கள்.

அரைக்கோளம்:
அதற்குப் பிறகு மதிப்பெண் வந்ததா?

பழையமாணவன்:
வரவில்லை. அடுத்த வருடத் தேர்வில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள்.

கிளியல்செல்:
சரி, ஒரு சந்தேகம். ஆர்கானிக், ஃபிசிக்ஸ், செல்லுலார் நியூரோ மூன்றையும் லேபோடு ஒரே செமஸ்டரில் எடுத்தவர்கள் இங்கே உண்டா?

ஸ்டாட்ஸ்பித்தன்:
இப்போது ஆலோசனை சொல்லலாமா?