குடல் நோயும் உணவும்: இன்னும் உங்களை உறுத்தும் ஒரு நிகழ்வை எழுதுங்கள்

தாழம்பூ:
என் மகளுக்குக் குரோன் நோய் (குடலில் நீடித்து நிற்கும் அழற்சி) என்று உறுதியானதும் மருத்துவர் ஸ்டீராய்டுக்குப் போகவில்லை. 6 முதல் 8 வாரங்கள்வரை வழக்கமான சாப்பாடு எதுவும் கூடாது, ஊட்டச்சத்துத் திரவம் மட்டுமே ஆகாரம் என்றார். குழந்தைகளிடம் இந்தச் சிகிச்சை ஸ்டீராய்டுக்கு நிகராக நோயை அடக்கும் என்பதை இங்குள்ள பெற்றோர்கள் அறிவார்கள்; ஆகவே அதை விளக்கப் போவதில்லை. ஓர் இரவு அவள் தன் தம்பியின் தட்டிலிருந்து ஒரு கவளத்தை எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்துவிட்டு, உதட்டில் படாமல் அப்படியே திரும்ப வைத்துவிட்டாள். அதைவிட என்னை அதிகம் உறுத்துவது மருத்துவரின் ஒரு பதில். இப்படித் திரவத்தை மட்டும் கொடுத்தால் நல்ல பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்காதா என்று கேட்டேன். "கிடக்கும். பாக்டீரியா வகைகள் குறையும். பியூட்டிரேட் தயாரித்துப் பெருங்குடல் செல்களுக்கு ஊட்டுகிற வகைகள்கூடக் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் புண் ஆறுகிறது" என்றார். ஆறவும் செய்தது. வகைகள் பெருகினால் ஆரோக்கியம், குறைந்தால் நோய் என்று அதுவரை படித்ததையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவே இல்லை.

இரவுப்பணி:
எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. பல் வேர்ச் சீழுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை முடித்த பிறகு வயிற்றுப்போக்கு தொடங்கியது; பரிசோதனையில் சி. டிஃபிசில் என்ற குடல் கிருமி என்று வந்தது. மருந்து சாப்பிட்டால் நிற்கும், நிறுத்தினால் திரும்பும். கடைசியில், ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை என் குடலில் செலுத்தலாம் என்றார்கள். செவிலியர் அந்தப் பழுப்புத் திரவம் நிறைந்த ஊசிக்குழலை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, குமிழி இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார். உயிர் காக்கும் மருந்தைக் கையாளும் அதே அக்கறை அந்த விரலில் இருந்தது. வெட்கப்படுவதா நன்றி சொல்வதா என்று தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இச்சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமடைந்தனர் என்று பின்னர் படித்தேன். நானும் குணமடைந்தேன். இத்தனைக்கும் நடுவில் உணவில் நான் எதையும் மாற்றவில்லை. ஆகவே, உணவைவிட பாக்டீரியாவே முக்கியம் என்பது என் முடிவு.

மெய்ப்பொருள்:
இரவுப்பணி அவர்களே, ஒரு நோயில் கண்டதை எல்லா நோய்களுக்கும் நீட்டுவது சரியன்று. சி. டிஃபிசில் என்பது ஆன்டிபயாட்டிக் வெறுமையாக்கிய இடத்தில் ஒரு கிருமி புகுந்துகொள்ளும் நோய். குரோன் நோயோ, ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோயோ அப்படிப்பட்டவை அல்ல. என் அம்மாவுக்கு ஐ.பி.எஸ். யாரோ கொடுத்த ஃபோட்மேப் (குடலில் எளிதில் புளித்து உப்புசம் தரும் சர்க்கரை வகைகள்) பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, வெங்காயம், கோதுமை, பால், ஆப்பிள் என்று ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் பார்த்தபோது தாளில் அடிக்காத வரி அநேகமாக இல்லை; அவரும் பாதியாக இளைத்திருந்தார்.

என் கதை அவ்வளவுதான். யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான அந்த உணவு முறை வாழ்நாள் விரதம் அன்று. 2 முதல் 6 வாரங்கள் விலக்கிவிட்டு, பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அதன் உயிர்நாடி. விலக்கிலேயே நின்றுவிட்டால் பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியாக்கள் குறைகின்றன. கோதுமையைக் கைவிடுவதற்கு முன்பே, அதிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். குளூட்டனை நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். ஆன்டிபயாட்டிக் முடிந்ததும் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் வாங்க ஓடாதீர்கள். 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, புரோபயாட்டிக் எடுத்துக்கொண்டவர்களின் சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் மீண்டு வருவதற்கு, எதையும் எடுக்காதவர்களைவிட அதிக காலம் பிடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக நார்ச்சத்தைக் கூட்டுங்கள். உமியோடு கூடிய தானியம், பருப்பு, தோலுடன் பழம், பச்சைக் காய்கறி என்று எந்த வடிவில் வந்தாலும் அது குடலுக்கு நன்மையே செய்யும்.

வடிகால்:
அப்பாவின் வயிற்றுப் புண்ணுக்காக எங்கள் வீட்டில் வருடக்கணக்கில் காரமில்லாச் சமையல்தான். ஒரு பரிசோதனையில் அவரைப் பைக்குள் ஊதச் சொன்னார்கள். இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி என்று முடிவு வந்தது. அந்தக் கிருமியை மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இலேயே தாமே குடித்துப் பார்த்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டியிருக்கிறார் என்று தெரிந்ததும் அப்பா முதலில் கேட்டது, "அப்படியானால் நான் சப்பென்று சாப்பிட்டதெல்லாம் எதற்கு?" என்பதுதான். கிருமியை ஒழித்த பின் புண் ஆறிவிட்டது. அந்தக் கேள்விக்கு மட்டும் எங்களில் எவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

குறுக்குப்பாதை:
மெய்ப்பொருள் அவர்களின் கடைசி அறிவுரையைப் படித்ததும் எழுத வேண்டியதாயிற்று. எனக்கும் குரோன் நோய்தான், ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் தழும்பு விழுந்து பாதை குறுகிப்போனது. நார்ச்சத்து நல்லது என்று எல்லோரும் சொன்னதை நம்பி, பச்சைக் காய்கறிக் கலவையை ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்ட இரவில் வயிறு பாறைபோல் இறுகி, வாந்தி நிற்காமல், மூக்கு வழியே குழாய் செலுத்தும் நிலைக்குப் போனேன். மறுநாள் மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தில் ஓரிடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் குடல் ஒரு நூலைப்போலத் தெரிந்தது. அதற்கு மேலே இருந்த பகுதி உப்பிக் கிடந்தது. குறுகல் உள்ளவர்களுக்கு நன்றாக வேகவைத்து, தோலும் விதையும் நீக்கி, மசித்த உணவே பொருந்தும். பாக்டீரியாக்களுக்கு எது தீனி என்ற விவாதம் அதற்குப் பிறகுதான். நார்ச்சத்தைப் பற்றி எழுதிய வரியில் "குடலில் குறுகல் இல்லாதவர்களுக்கு" என்று சேர்த்துவிடுங்கள். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நாளைக்கே கிண்ணத்தை எடுப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.