தாத்தா வீட்டுப் பிள்ளைகள் (குழு)

கார்த்திக்: எல்லோரும் இந்த வீடியோவைப் பாருங்கள். புது கிரிப்டோ. இன்று இரவு 12 மணிக்குள் சேர்ந்தால்தான் முதல் விலை. ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பினால் என் கணக்கில் மொத்தமாக வாங்கிவிடுவேன்.

அத்தை: வீடியோவில் அந்த நடிகரா? ரொம்ப இளைத்துவிட்டாரே

சித்தப்பா: நான் ரெடி

சித்தி: யாரைக் கேட்டு?

பெரியப்பா: கார்த்திக், பொறுமையாகப் படி. 1920-இல் பாஸ்டனில் சார்லஸ் போன்ஸி என்று ஒருவர் இருந்தார். 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பனை மலிவாக வாங்கி விற்கிறேன் என்று கதை. நடந்தது என்ன? இன்று வந்தவன் பணத்தை எடுத்து நேற்று வந்தவனுக்கு லாபம் என்று கொடுத்தார். புது ஆள் வரத்து குறைந்ததும் கவிழ்ந்தது.

கார்த்திக்: பெரியப்பா, இது பிளாக்செயின். வேறு

பெரியப்பா: பிளாக்செயின் என்பது கணக்குப் புத்தகம். புத்தகம் ஒழுங்காக இருந்தால் கடை ஒழுங்காக இருக்கும் என்று யார் சொன்னது? எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தைக்கு டாம் பிரேடி விளம்பரத்தில் வந்தார். 2022 நவம்பரில் திவால். நடத்தியவருக்கு 2024-இல் 25 ஆண்டு சிறை. அமெரிக்க டிவி பிரபலம் கிம் கர்தாஷியன் ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பற்றிப் பதிவு போட 2.5 லட்சம் டாலர் வாங்கினார். வாங்கியதைச் சொல்லவில்லை என்று வழக்கு வந்து 12.6 லட்சம் டாலர் கட்டி முடித்தார்.

சித்தப்பா: டாம் பிரேடி யார்

தீபா: அமெரிக்கன் ஃபுட்பால் சித்தப்பா

சித்தப்பா: அப்போது நமக்குச் சம்பந்தமில்லை

பெரியப்பா: 2025 பிப்ரவரியில் அர்ஜென்டினா அதிபர் மிலேகூட ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பற்றி எழுதினார். சில மணி நேரத்தில் ஏறி, விழுந்து, பதிவையும் நீக்கிவிட்டார்.

கதிர்: அர்ஜென்டினாவா!! 2022 ஃபைனல் மாதிரி இனி வராது

தீபா: எம்பாப்பே 3 கோல் போட்டும் தோற்றான் பாவம்

கதிர்: 3-3. பெனால்டியில் 4-2

சித்தி: அன்று மெஸ்ஸியைவிட உங்கள் சித்தப்பாதான் அதிகம் அழுதார்

கார்த்திக்: ஐயோ, விஷயத்துக்கு வாருங்கள். மணி 10 ஆகிறது

தீபா: வீடியோவில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஏஐ போலத் தெரிகிறது. அந்த நடிகரின் சொந்தப் பக்கத்தில் இது இருக்கிறதா?

கார்த்திக்: அங்கே இனிமேல்தான் போடுவாராம்

தீபா: போட்ட பணத்தை எப்போது எடுக்கலாம்?

கார்த்திக்: 90 நாள் லாக்

தீபா: ம்ம்

சித்தி: 2012 ஈமு கோழியிலும் இப்படித்தான் பேசினார்கள். என் வளையல் இன்னும் வரவில்லை

சித்தப்பா: அதை ஏன் இப்போது எடுக்கிறாய்? ஈமுவில் அண்ணனும்தான் போட்டார்

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கதிர்: பெரியப்பா நீங்களுமா?? 😂

அத்தை: அண்ணா அன்று எங்களிடம் சொல்லவே இல்லை

பெரியப்பா: அது வேறு. பறவை கண்ணுக்குத் தெரிந்தது.

கார்த்திக்: ஆக யார் யார் சேர்கிறீர்கள்?

தீபா: நான் இல்லை

கதிர்: சம்பளம் வரட்டும்

அத்தை: நாளை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

கார்த்திக்: அத்தை, நாளை விலை ஏறிவிடும்

பெரியப்பா: போன்ஸியும் அவசரம்தான் படுத்தினார்.

கார்த்திக்: சித்தப்பா, தனியாக மெசேஜ் போட்டிருக்கிறேன் பாருங்கள்

சித்தி: பார்த்துவிட்டேன். போன் என்னிடம்தான் இருக்கிறது.

அத்தை: அந்த நடிகருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?