போஸ்ட்கிரஸ் அப்கிரேடா, ஏஐ ஏஜென்டா: கான்ஃபரன்ஸுக்கு எதை அனுப்ப?

டேபிள்ஸ்பேஸ்:
வணக்கம் மக்களே. ஒரு டெவலப்பர் கான்ஃபரன்ஸுக்கு ப்ரொப்போசல் அனுப்பணும். ஆளுக்கு ஒண்ணுதான், 40 நிமிஷப் பேச்சு. கையில ரெண்டு இருக்கு. ஒண்ணு, எங்க டீம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல வெர்ஷன் 12-லிருந்து 16-க்கு மாறின கதை. 12-க்கு 2024 நவம்பரோட சப்போர்ட் முடிஞ்சதால வேற வழியில்லாம இறங்கினோம். இன்னொண்ணு, மெதுவா ஓடுற குவெரியை (டேட்டாபேஸ்ல டேட்டா கேட்கிற கட்டளை) ஏஐ ஏஜென்டை விட்டுச் சரிபண்றது. சனி ஞாயிறுல செஞ்சது, டெமோ மட்டும் அசத்தும். போன வருஷம் அப்கிரேடைத்தான் அனுப்பினேன், "ரொம்ப பேசிக்"னு திரும்பி வந்துடுச்சு. இந்தத் தடவை எது?

முன்னோடி:
ஏஜென்ட்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு ப்ரோ? அப்கிரேட் பண்ற முறை டாக்குமென்டேஷன்லயே இருக்கு. அதைக் கேட்க லீவு போட்டு, ரயிலேறி வருவாங்களா? 2009-ல பெர்லின் ஜேஎஸ்கான்ஃப்ல (ஜாவாஸ்கிரிப்ட் மாநாடு) ரயன் டால், ஜாவாஸ்கிரிப்டை சர்வர்ல ஓட்டற நோட் ஜேஎஸ்ஸைக் காட்டினப்போ, "ப்ரொடக்‌ஷன்ல எத்தனை வருஷமா ஓடுது?"ன்னு கேட்டிருந்தா மேடையே கிடைச்சிருக்காது. ஆப்பைக் கன்டெய்னர்ல அடைச்சு ஓட்டற டாக்கரும் அப்படித்தான். 2013 மார்ச்ல பைத்தான் மாநாடான பைகான்ல காட்டினாங்க, 1.0 வந்தது அடுத்த வருஷம் ஜூன்ல.

மெயின்ஃப்ரேம் மாமா:
தம்பி, பாதியைச் சொல்லிட்டு மீதியை முழுங்கிட்டீங்களே. பைகான்ல டாக்கருக்குக் கிடைச்சது 5 நிமிஷ லைட்னிங் டாக். 5 நிமிஷத்துக்கு எந்தப் புதுசை வேணாலும் காட்டுங்க, கை தட்டறேன். 40 நிமிஷம் உட்கார வைக்கிறதா இருந்தா பேசறவர் அதோட குடித்தனம் நடத்தியிருக்கணும். டால் தான் எழுதினதைத் தானே காட்டினார். நம்ம ஊர் மேடையில பாதி நேரம், யாரோ எழுதின லைப்ரரியோட ரீட்மீயை ஸ்லைடாக்கி வாசிக்கிறாங்க. அதே டால் 2018-ல அதே ஜேஎஸ்கான்ஃப்ல, நோட்ல தான் வருத்தப்படற 10 விஷயம்னு பேசினாரே, எனக்கு அதுதான் உசத்தி. 2009-ல அவராலேயே அதைப் பேசியிருக்க முடியாது.

முன்னோடி:
மாமா, நீங்க மட்டும் முழுசாவா சொன்னீங்க? வருத்தத்தையெல்லாம் அடுக்கிட்டு கடைசியில டால் டெனோன்னு புது ரன்டைமைக் காட்டித்தானே முடிச்சார்! தினசரி வேலையை மட்டும் பேசினா ஹாலை விட்டு வெளிய வந்ததும் மறந்துடும்.

கமிட்டிக் காபி:
மறந்துவிடும் என்பதை ஏற்க மாட்டேன். 2009 வெலாசிட்டி மாநாட்டில் போட்டோ பகிரும் தளமான ஃப்ளிக்கரின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் பேசியது முழுக்க அவர்களுடைய அன்றாட வேலை. ஒரு நாளைக்குப் பத்துக்கும் மேற்பட்ட டிப்ளாய் (புதுக் கோடை லைவில் ஏற்றுவது), அதற்காக டெவலப்பர்களும் ஆபரேஷன்ஸ்காரர்களும் சண்டை போடாமல் சேர்ந்து வேலை செய்வது எப்படி, அவ்வளவுதான். புதிதாக எந்த மென்பொருளையும் வெளியிடவில்லை. பெல்ஜியத்திலிருந்து அதை நேரலையில் பார்த்த பாட்ரிக் டெபுவா, அதே அக்டோபரில் கெண்ட் நகரில் இந்த இரு தரப்பையும் சேர்க்கும் முதல் டெவ்ஆப்ஸ்டேஸ் மாநாட்டை நடத்தினார்.

ஒரு சின்ன கான்ஃபரன்ஸுக்கு ப்ரொப்போசல் படிப்பவள் நான். நாங்கள் பெயரை மறைத்துவிட்டுத்தான் படிப்போம். ஏஜென்ட் ப்ரொப்போசல்களை அப்படிப் படித்தால் எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல இருக்கிறது. அதற்காக "அப்கிரேட் செய்வது எப்படி" என்று தலைப்பு வைத்தால் நானும் ஒதுக்கத்தான் செய்வேன், முன்னோடி சொன்ன காரணத்துக்காகவே. டேபிள்ஸ்பேஸ், உங்களுக்கு எங்கே உதைத்தது? அதைச் சொல்லுங்கள்.

டேபிள்ஸ்பேஸ்:
வெர்ஷன் மாத்தற டூலான பிஜி_அப்கிரேடை லிங்க் மோட்ல ஓட்டினோம். டேட்டா ஃபைலைக் காப்பி பண்ணாம ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பேர்) மட்டும் போடும், அதனால சட்டுனு முடிஞ்சுடும். ஆனா புது சர்வரை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டா பழசுக்குத் திரும்ப வழியில்லை. இதெல்லாம் தெரிஞ்சேதான் இறங்கினோம். படுத்தினது, குவெரியை எப்படி ஓட்டறதுன்னு முடிவு பண்ற பிளானர் பார்க்கிற புள்ளிவிவரம். அது புது சர்வருக்கு வரவே இல்லை. அதைத் திரும்ப எடுக்கிற அனலைஸ் முடியற வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்த குவெரியெல்லாம் ஊர்ந்துச்சு. சர்வர் எழுந்துடுச்சு, ஆப் எழல.

முன்னோடி:
அட, 2025 செப்டம்பர்ல வந்த 18-ல அதைத்தானே சரிபண்ணியிருக்காங்க! பழைய புள்ளிவிவரத்தை பிஜி_அப்கிரேடே எடுத்துட்டு வந்துடுது, நாமளா தனியா உருவாக்கற எக்ஸ்டெண்டட் வகை மட்டும்தான் வராது. இதைச் சேர்த்தா உங்க அப்கிரேட் கதைக்கு நானே ஓட்டுப் போடறேன்.

மெயின்ஃப்ரேம் மாமா:
தம்பி வழிக்கு வந்தாச்சு. ஆனா 18-க்கு 10 நிமிஷம் போதும். கேட்க வர்றவங்கள்ல 13, 14-ல நிக்கிறவங்கதான் நிறைய இருப்பாங்க.

முன்னோடி:
அதனாலதான் மாமா பத்தாதுங்கறேன்! 13-க்கு 2025 நவம்பரோட சப்போர்ட் போச்சு. அதுல இருக்கிறவங்க நடுவுல நிக்காம நேரா 18-க்கே தாவலாம். அவங்களுக்கு 16-ல பட்ட கஷ்டம் பழங்கதை. திங்கட்கிழமை ஆபீஸ்ல உட்கார்ந்து செய்யப்போற வேலை 18-தான். நீங்க கேட்கிற நடைமுறை இப்ப எந்தப் பக்கம் இருக்கு?

மெயின்ஃப்ரேம் மாமா:
சரி, அதுல நியாயம் இருக்கு. ஆனா புள்ளிவிவரம் ஒண்ணுதானே தீர்ந்தது? டேட்டாபேஸோட ஓஎஸ்ஸையும் சேர்த்து மாத்தறவங்க கதி? லினக்ஸோட அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28-ல எழுத்து வரிசை மாறினதால டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எல்லாம் ரீஇண்டெக்ஸ் பண்ண வேண்டி வந்துச்சே, அது 18 வந்ததும் மறைஞ்சுடுமா? பழங்கதையை அவ்வளவு லேசா தூக்கிப் போடாதீங்க. 15 நிமிஷம், அதுக்கு மேல இல்லை.

கமிட்டிக் காபி:
டேபிள்ஸ்பேஸ், 18-இல் நீங்களே ஓட்டிப் பார்க்காமல் ப்ரொப்போசலில் அதை எழுதாதீர்கள். ரிலீஸ் நோட்ஸ் எங்களுக்கும் படிக்கத் தெரியும். ஏஜென்ட் டெமோவை லைட்னிங் டாக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெரும்பாலும் அன்றைக்குக் காலையில் பெயர் கொடுத்தாலே போதும்.

டேபிள்ஸ்பேஸ்:
ரொம்ப நன்றி. பழைய 12 பேக்கப் ஒண்ணு ஸ்டேஜிங்ல (சோதனை சர்வர்) இருக்கு, இன்னிக்கு ராத்திரியே 18-க்கு ஏத்திப் பார்க்கிறேன். தலைப்பு இப்போதைக்கு: "சர்வர் எழுந்தது, ஆப் எழவில்லை: போஸ்ட்கிரஸ் 12-லிருந்து 18 வரை". வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

முன்னோடி:
தலைப்புல 18-ஐ முன்னாடி போடுங்க ப்ரோ.

மெயின்ஃப்ரேம் மாமா:
வேண்டாம்.