கப்பல் பயணத்தில் உடுப்புத் தோய்ப்பது, அயன் பண்ணுவது: அம்மாவின் நூல் சேலைகளை என்ன செய்வது?

வெள்ளவத்தைப் பிள்ளை

வணக்கம். தை மாதம் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போய், அங்கிருந்து ரோயல் கரீபியன் கப்பல் ஒன்றில் ஏழு இரவுப் பயணம் போகிறோம். பினாங்கிலும் புக்கெட்டிலும் இறங்கிப் பார்க்கலாம். அப்பாவுக்கு எழுபது வயதாகிறது, பல காலம் ஆசைப்பட்ட பயணம். டிக்கெட், காப்புறுதி, அம்மாவின் மருந்துகள் எல்லாம் ஒழுங்காகிவிட்டன. உடுப்பு விஷயம்தான் இன்னும் தீரவில்லை.

அம்மா நூல் சேலை தவிர வேறு உடுப்பதில்லை. பெரும்பாலும் மருதமுனைக் கைத்தறி. அதையும் கஞ்சி போட்டு, கொய்யகம் கத்தி மாதிரி நிற்கும்படி அயன் பண்ணித்தான் உடுப்பார். கசங்கின சேலையோடு அறையை விட்டு வெளியே வரமாட்டார், அது நிச்சயம். அப்பா ஒரு சேர்ட்டை ஒரு தடவைக்கு மேல் போடமாட்டார். இரண்டு பேருக்கும் ஏழு நாளைக்கும் வேண்டியதைக் கட்டினால் பெட்டி மூடாது.

நான் அறிய விரும்புவது இவைதான். சின்ன அயன் பெட்டி ஒன்றைக் கொண்டுபோக விடுவார்களா? ஆவியால் சுருக்கம் எடுக்கிற ஸ்டீமர் என்றால் பரவாயில்லையா? அறையில் தோய்த்துக் காயப்போட முடியுமா? கப்பல் லோண்டரியில் சேலை கொடுத்து எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முன்பொரு தடவை ஹோட்டல் ஒன்றில் கொடுத்த சேலை கரை முழுக்கச் சாயம் இறங்கி வந்தது. அன்றிலிருந்து அம்மா யாரிடமும் சேலை கொடுப்பதில்லை.

பம்பலப்பிட்டிப் பயணி

அயன் பெட்டி வேண்டாம். ஸ்டீமரும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. ஏறும்போது பெட்டிகளை ஸ்கேன் பண்ணுவார்கள், கண்டால் எடுத்து வைத்துவிட்டு இறங்கும் நாளில்தான் தருவார்கள். அந்தப் பெட்டி அறைக்கு வந்து சேரவும் பிந்தும்.

இன்னொன்று. இணையத்தில் "கப்பலில் லோண்டரி அறை இருக்கும், காசு போட்டு நீங்களே தோய்க்கலாம், அயன் மேசையும் உண்டு" என்று படித்திருப்பீர்கள். அது பிரின்ஸஸ், கார்னிவல், குனார்ட் போன்ற கம்பனிகளின் கப்பல்களில். குனார்ட்டில் அது இலவசம் கூட. ரோயல் கரீபியனில் பயணிகளுக்கு அப்படி ஓர் அறை இல்லை. செலிபிரிட்டியிலும் எம்எஸ்சியிலும் அதே கதைதான். ஆகவே உங்களுக்கு இருப்பது கப்பல்காரர்களிடம் கொடுப்பது, அல்லது குளியலறையில் கையால் தோய்ப்பது.

கொட்டாஞ்சேனைக் கப்பல்காரன்

தங்கச்சி, நான் பயணக் கப்பல்களில் லோண்டரியில் வேலை செய்தவன். தொடக்கத்தில் துவாயும் படுக்கை விரிப்பும் போகிற பெரிய மெஷின் பக்கம், பிறகு பயணிகளின் உடுப்பை அழுத்துகிற பக்கம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயன் பெட்டியைப் பறிப்பதைப் பலர் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். வீட்டில் தீப்பிடித்தால் ரோட்டுக்கு ஓடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது? 1998 ஜூலை 20 அன்று மயாமியில் இருந்து வெளிக்கிட்ட எக்ஸ்டசி என்ற கப்பலில் தீ தொடங்கியது லோண்டரியில்தான். அங்கே வெல்டிங் வேலை பார்த்திருக்கிறார்கள். காற்றுக் குழாய்க்குள் தேங்கியிருந்த பஞ்சுத் தூசியில் தீப்பற்றி, குழாய் வழியாகவே கப்பலின் பின்பக்கம் வரை போய், அங்கே கிடந்த கட்டுக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டது. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் கரையில் நின்றவர்கள் பார்க்கும் அளவுக்குப் புகை. அந்தப் பஞ்சு வேறெங்கும் இருந்து வருவதில்லை, நம் உடுப்பில் இருந்தும் துவாயில் இருந்தும் உதிர்வதுதான். ட்ரையரின் வலையைத் துப்புரவாக்காமல் நாங்கள் வேலை மாறுவதில்லை. பயிற்சி பெற்றவர்கள் இருக்கிற இடத்திலேயே இவ்வளவு பயம் என்றால், ஆயிரக்கணக்கான அறைகளில் ஆளுக்கொரு அயன் பெட்டியை எப்படி விடுவார்கள்?

இனி கீழ்த் தளத்து லோண்டரியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள்.

அலுமாரிக்குள் ஒரு பையும் படிவமும் இருக்கும். படிவத்தில் சேர்ட், களிசான், பிளவுஸ் என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருக்கும். எண்ணிக்கையை எழுதிப் பையைக் கட்டிலில் வைத்தால் அறை பார்க்கிறவர் எடுத்துப் போவார். கீழே நாங்கள் மறுபடி எண்ணி, ஒவ்வொன்றிலும் அறை இலக்கம் போட்ட துண்டு குத்துவோம். உங்கள் எண்ணிக்கையும் எங்கள் எண்ணிக்கையும் ஒத்து வராவிட்டால் அங்கேயே வேலை நின்றுவிடும். ஆகவே படிவத்தை நீங்களே நிரப்புங்கள். வெறுமையாக அனுப்பினால் நாங்கள் எண்ணியதுதான் கணக்கு.

பயணத்தின் நடுவில் "ஒரு பை நிரப்பித் தாருங்கள், இவ்வளவு டொலர்" என்று ஒரு சலுகை வரும். அப்பாவின் பனியன், சாரம், துவாய்த் துணி, ரீசேர்ட் எல்லாவற்றுக்கும் அது நல்லது. ஆனால் அதில் அயன் கிடையாது, தோய்த்து மடித்துத்தான் வரும். நிறம் பார்த்துப் பிரிக்கவும் மாட்டோம். பை பையாகவே மெஷினுக்குள் போகும், ட்ரையரும் நல்ல சூடாக ஓடும். புதுப் பத்திக் சேர்ட்டை அந்தப் பைக்குள் போட்டால் வெள்ளைப் பனியன் என்ன நிறத்தில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சுருங்கக் கூடிய நூல் பிளவுஸும் வேண்டாம்.

சேலைக்கு வருகிறேன். படிவத்தில் சேலை என்ற வரி பெரும்பாலும் இருக்காது. அழுத்துகிற பையன்கள் பல நாட்டுக்காரர்கள். சேலையே கையில் பிடித்திராதவர்களும் இருப்பார்கள். ஐந்தரை மீட்டர் துணியைக் கண்டதும் மேசைவிரிப்பு அழுத்துகிற பெரிய உருளையில் விடலாம் என்று ஒருவனுக்குத் தோன்றும். வெறும் நூல் என்றால் தாங்கும். சரிகையோ, அடிக்கரையில் பால்ஸ் துணியோ இருந்தால் தாங்காது. என் கைக்கு இந்தியப் பயணிகளின் சேலைகள் வரும்போது நான் மற்றவர்களிடம் விடமாட்டேன். நாலாக மடித்து, உள்பக்கம் வெளியே வைத்து, மேலே ஒரு நூல் துணி போட்டு அழுத்துவேன். அப்படி ஓர் ஆள் உங்கள் கப்பலில் இருப்பார் என்ற நம்பிக்கையில் அனுப்ப முடியாது அல்லவா? ஆகவே நூல் சேலையை "அழுத்த மட்டும், தோய்க்க வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அந்தத் தாளைச் சேலையிலேயே சேஃப்டி பின் கொண்டு குத்தி, அறை பார்க்கிற பையனிடம் கையில் கொடுத்து விளக்கிச் சொல்லுங்கள். பட்டுச் சேலையைக் கீழே அனுப்பவே வேண்டாம்.

தெகிவளை அக்கா

கப்பல்கார அண்ணா சொன்னது எல்லாம் சரி. ஆனால் சேலை, களிசான் தவிர மற்றதைக் காசு கொடுத்துத் தோய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஒரு டொலர் முந்நூறு ரூபாய் அளவில் நிற்கிறது. பனியனுக்கும் உள்ளாடைக்கும் அந்தக் காசு கொடுக்க எனக்கு மனம் வராது.

நான் இரவு குளிக்கும்போதே தோய்த்துவிடுவேன். குளியலறைச் சுவரில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதை இழுத்தால் கொடி வரும், எதிர்ச் சுவரில் கொளுவலாம். பிழிந்ததை அப்படியே தொங்கவிட்டால் காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். காய்ந்த துவாயின் மேல் விரித்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, முழங்காலால் அமத்துங்கள். தண்ணீர் முழுக்கத் துவாய்க்குப் போய்விடும். அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொளுக்கி ஒட்டும். பெட்டா கடைகளில் வாங்கலாம். குளிரூட்டியின் காற்று படுகிற பக்கம் கொளுவினால் மெல்லிய துணி விடியும் முன் காயும்.

சவர்க்காரம் மிகக் குறைவாகப் போடுங்கள். கப்பல் தண்ணீரில் பெரும்பகுதி கடல் நீரில் உப்பைப் பிரித்து எடுப்பது, அதனால் மென்மையாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் நுரை வரவழைப்பதற்குப் படுகிற பாடு அங்கே இல்லை. கூடப் போட்டால் அலசி முடிக்க முடியாது.

பல்கனியில் மட்டும் காயப்போட வேண்டாம். அதற்கு அனுமதி இல்லை, காற்று கொண்டுபோனால் உடுப்பு கடலுக்குத்தான்.

வெள்ளவத்தைப் பிள்ளை

எல்லாருக்கும் மிக்க நன்றி. அயன் பெட்டி யோசனையைக் கைவிட்டாயிற்று. அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கப்பல்கார அண்ணா சேலைக்கு மேலே நூல் துணி போட்டு அழுத்துவேன் என்று எழுதிய இடத்தில், "அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

இப்போது வேறு ஒரு கேள்வி. ஒரு இரவோ இரண்டு இரவோ எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிடப் போவார்களாம். அப்பா பட்டு வேட்டியும் சால்வையும்தான் கட்டுவேன் என்கிறார், அம்மா கூறைச் சேலை. விடுவார்களா? பெட்டிக்குள் இருந்து எடுக்கும்போது மடிப்பு விழுந்திருக்குமே, அதற்கு என்ன செய்வது?

கொட்டாஞ்சேனைக் கப்பல்காரன்

தாராளமாகக் கட்டட்டும், தங்கச்சி. குனார்ட் போன்ற, உடையில் மிகக் கண்டிப்பான கம்பனிகளே தேசிய உடையை ஏற்கின்றன. பட்டு வேட்டியோடு உங்கள் அப்பா சாப்பாட்டு மண்டபத்துக்குள் வந்தால் அந்த மண்டபத்துக்குத்தான் அழகு. உண்மையாகச் சொல்கிறேன்.

இந்த இரவு பல கப்பல்களில் இரண்டாம் நாளே வந்துவிடும். முதல் நாள் ஏறினதும் எல்லாரும் ஊர் சுற்றிப் பார்க்கிற மாதிரித் தளம் தளமாகத் திரிவார்கள். அடுத்த நாள் மத்தியானம் கோர்ட்டும் சேர்ட்டும் மலை போலக் கீழே வந்து விழும். அவசரமாக வேண்டும் என்றால் கூடுதல் கட்டணம், அதற்கும் நேர எல்லை உண்டு. நீங்கள் அறைக்குள் போனதும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து, அழுத்த வேண்டிய களிசானையும் நூல் சேலைகளையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

பட்டுக்கான வேலையை கொழும்பிலேயே முடியுங்கள். வெள்ளவத்தையில் சேலை பொலிஷ் பண்ணி உருளை அழுத்துப் போடுகிற கடைகள் இருக்கின்றன, வெளிக்கிடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு கொடுங்கள். கூறையை மடிக்க வேண்டாம். பழைய நூல் வேட்டி ஒன்றை விரித்து, அதன் மேல் சேலையை வைத்து இரண்டையும் சேர்த்து உருட்டிப் பெட்டியின் நீளத்துக்கு வையுங்கள். சரிகை மடியும் இடம் இருக்காது, முறியாது. வேட்டியும் அப்படியே. அறைக்குப் போனதும் அலுமாரியில் தொங்கவிட்டால் இரவுக்குள் மிச்சச் சுருக்கம் இறங்கிவிடும். சுடுநீர்க் குழாயைத் திறந்து ஆவியில் தொங்கவிடச் சொல்வார்கள். சேர்ட்டுக்கு அது சரி, நூல் பிளவுஸுக்கும் சரி. பட்டில் தண்ணீர்த் துளி விழுந்தால் பொட்டு விழும், வேண்டாம்.

கஞ்சி பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள். அறைக்குள் குளிரூட்டி ஓடுவதால் கஞ்சி நிற்கும். மேல் தளத்தில் உப்புக் காற்றில் அரை மணித்தியாலம் இருந்தால் இளகி ஒட்டத் தொடங்கும். கஞ்சிச் சேலையைச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொண்டு, பினாங்கில் இறங்குகிற நாளுக்கு மெல்லிய ஜோர்ஜெட் ஒன்று உடுக்கச் சொல்லிப் பாருங்கள். தோய்த்தாலும் கசங்காது, ஓர் இரவில் காயும். தெகிவளை அக்காவின் துவாய் முறை அதற்கு நல்லாகப் பொருந்தும்.

வெள்ளவத்தைப் பிள்ளை

ஜோர்ஜெட்டுக்கு அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, பார்ப்போம். கடைசியாக ஒன்று: கொடுத்த உடுப்பு இறங்கும் நாளுக்குள் வந்து சேரும் தானே?

பம்பலப்பிட்டிப் பயணி

கடைசி இரண்டு நாளில் கொடுக்க வேண்டாம். எப்போது வரை எடுப்பார்கள் என்று படிவத்தில் இருக்கும், அறை பார்க்கிறவரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், இரவோடு இரவாகக் கொண்டுபோய்விடுவார்கள். காலையில் உடுக்க வேண்டியதையும் அம்மாவின் மருந்தையும் கைப்பையில் எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.