அம்மாவின் பழைய நம்பரோடு இணையத் தொலைபேசிக்கு மாறவேண்டும், எந்த அடாப்டர் வாங்கலாம்?

செம்பருத்தி:
அம்மா ஹரோவில் தனியாக இருக்கிறார், வயது 76. செம்புக் கம்பி லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போடப்போகிறோம் என்று கடிதம் வந்திருக்கிறது. ஃபைபர் வரட்டும், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த நம்பர் லண்டனுக்கு 081 என்று இருந்த காலத்திலிருந்து எங்களிடம் இருக்கிறது, பிறகு 0181 ஆகி இப்போது 020 8 ஆனாலும் கடைசி ஏழு இலக்கம் அதேதான், யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் இருக்கிற சொந்தம் எல்லாருக்கும் அது மனப்பாடம். வெளிநாட்டுக் கோல் மலிவாக இருக்கட்டும் என்று தனியாக ஒரு இணையத் தொலைபேசிக் கணக்கு எடுத்து, பழைய போனை இணையத்தோடு இணைக்கிற அடாப்டர் பெட்டி ஒன்றை வாங்க நினைக்கிறேன். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி 801, 802, 813, அப்புறம் யாரோ விற்கிற பழைய சிஸ்கோ எஸ்.பி.ஏ 112 எல்லாம் பார்த்துத் தலை சுற்றுகிறது. அம்மாவுக்கு மொபைல் ஒத்துவராது. வயர் உள்ள பழைய பட்டன் போன்தான் வேண்டுமாம்.

வயர்க்காரன்:
தங்கச்சி, அடாப்டர் கடைசி வேலை. முதல் வேலை, இப்போதிருக்கிற லைனை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். லைன் உயிரோடு இருக்கும்போதே புதுக் கம்பெனியிடம் கணக்குத் திறந்து நம்பரை இழுக்கச் சொல்லுங்கள், அது மாறி முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். முந்தி நிறுத்தினால் நம்பர் போய்விடலாம். என் மச்சானுக்கு அதுதான் நடந்தது, இருபது வருட நம்பர்.

அடாப்டர் என்றால் 801 போதும். 802இல் போன் செருக இரண்டு துளை, வீட்டில் இரண்டு நம்பர் இருந்தால்தான் அதனால் பயன். 813இல் இரண்டாவது துளை சுவரிலிருந்து வரும் செம்பு லைனைச் செருகுவதற்கு. அந்த லைனே போகப்போகிறதே, 2027 ஜனவரிக்குள் நாடு முழுக்கப் பழைய லைனை மூடுகிறார்கள், பிறகு எதற்கு அந்தக் காசு? சிஸ்கோ 112 நல்ல பெட்டிதான், ஆனால் தயாரிப்பு நின்று வருடங்கள் ஆகிறது, பழையதாக வாங்கும்போது வேறொரு கம்பெனிக்குப் பூட்டியதாக இருந்தால் கல்லுக்குச் சமம்.

மழைத்தூறல்:
ஃபைபர்காரர் தரும் ரவுட்டரின் பின்னால் போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்களின் சேவைக்கு அடாப்டரே தேவையில்லை, போனைக் கழற்றி அதில் செருகினால் சரி. ஆனால் அந்தத் துளையில் வேறு கம்பெனிக் கணக்கைப் போட விடுவது அபூர்வம். வெளிநாட்டுக் கோல் முக்கியம் என்றால் நீங்கள் நினைத்த வழிதான்.

இணைய வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், நல்ல தரத்தில் பேசினாலும் போக வர நூறு நூறு கிலோபிட்டுக்குள் முடிந்துவிடும். கவலைப்பட வேண்டியது கரண்ட். பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும், இனி அது கிடையாது. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் கரண்ட் போனால் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவி நம்பரான 999க்கு எடுக்க வழி இருக்கவேண்டும் என்பது தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்காம் சொல்வது, ஆனால் நீங்களே வாங்கி வைக்கிற அடாப்டருக்கு யாரும் பேட்டரி கொண்டுவந்து தரமாட்டார்கள். ரவுட்டர், ஃபைபர் பெட்டி, அடாப்டர் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சிறிய யு.பி.எஸ் வையுங்கள். கணக்கில் 999க்கான முகவரியையும் சரியாகப் பதியுங்கள். அம்மா கழுத்தில் அவசரப் பொத்தான் ஏதும் போட்டிருக்கிறாரா?

செம்பருத்தி:
ஐயோ, போட்டிருக்கிறார். அதுவும் இந்த லைனில்தான் இருக்கிறது.

மழைத்தூறல்:
அப்படியென்றால் அதை முடிக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். பொத்தான் கம்பெனிக்குக் கோல் எடுத்து, லைன் மாறுகிறது என்று சொல்லுங்கள், சிம் போட்ட பெட்டியாக மாற்றித் தருவார்கள். பழைய பெட்டியை அடாப்டரில் செருகி ‘பார்ப்போம்’ என்று விடவேண்டாம். அதன் சமிக்ஞை ஒலிகள் இணையத்தில் சிதையலாம், அது அம்மா விழுந்த அன்றைக்குத்தான் தெரியவரும்.

செம்பருத்தி (மூன்று வாரம் கழித்து):
பொத்தானை சிம் பெட்டியாக மாற்றியாயிற்று. நம்பர் வந்துவிட்டது, 801ஐயும் மாட்டிவிட்டேன், டயல் டோன் வருகிறது, அம்மா கனடாவுக்குப் பேசிவிட்டார். ஆனால் யாராவது கோல் எடுத்தால் பழைய போனில் மணி அடிப்பதில்லை! கையில் தூக்கினால் பேசலாம். என் வயர் இல்லாத போனை அதே துளையில் செருகினால் நன்றாக அடிக்கிறது. அடாப்டர் பழுதா? ரிங் சம்பந்தப்பட்ட செட்டிங் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து ஒரு ஞாயிறு போய்விட்டது.

வயர்க்காரன்:
பழுதில்லை, செட்டிங்கும் இல்லை. இது இந்த நாட்டுக் கூத்து. பழைய பிரிட்டிஷ் போன்களுக்கு மணி அடிக்க மூன்றாவதாக ஒரு கம்பி வேண்டும், அதற்கு வேண்டிய கப்பாசிட்டர் சுவரிலிருக்கும் மாஸ்டர் சாக்கெட்டுக்குள் இருந்தது. அடாப்டரிலிருந்து இரண்டு கம்பிதான் வருகிறது, பேச அது போதும், மணிக்குப் போதாது. வயர் இல்லாத போனின் அடிப்பெட்டி இரண்டு கம்பியிலேயே சமாளித்துக்கொள்ளும். நீங்கள் அகலமான பி.டி பிளக்கைச் சின்னத் துளையில் செருக ஒரு மாற்றி வாங்கியிருப்பீர்கள் அல்லவா, அதில் கப்பாசிட்டர் இல்லாத வகை மாட்டிக்கொண்டது. ‘ரிங் கப்பாசிட்டர் உள்ளது’ என்று கேட்டு வாங்குங்கள், சில பவுண்தான்.

ஒன்று மட்டும். மாடியிலும் அடிக்கட்டும் என்று அடாப்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீட்டு வயரிங் முழுவதற்கும் கொடுக்க ஆசை வரும். வெளியிலிருந்து வரும் பழைய லைனை முழுதாகக் கழற்றாமல் அதைச் செய்யாதீர்கள், அதில் சும்மா இருக்கும்போதே ஐம்பது வோல்ட் ஓடும், மணி அடித்தால் இன்னும் கூட, அடாப்டர் போய்விடும்.

செம்பருத்தி:
அண்ணா, மணி அடிக்கிறது! நான்கு பவுணுக்கும் குறைவு. இன்னொரு சின்னத் தொல்லை, இரவில் சில கோல் அடிக்காமலே நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது.

மழைத்தூறல்:
ரவுட்டரில் ‘சிப் ஏ.எல்.ஜி’ என்று, இணையக் கோலின் சமிக்ஞையில் கைவைக்கிற செட்டிங் ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். அடாப்டரில் ‘கீப் அலைவ்’, அதாவது தொடர்பு அறாமலிருக்க அது அடிக்கடி அனுப்பும் சமிக்ஞையின் இடைவெளியை 20 விநாடி ஆக்குங்கள். பேச்சில்லாத நேரத்தில் ரவுட்டர் கதவைச் சாத்திவிடுகிறது, அதுதான்.

செம்பருத்தி:
நான்கு நாளாக ஒரு கோலும் தவறவில்லை. நேற்று விடியப்புறம் மூன்று மணிக்கு டொராண்டோவிலிருந்து பெரியம்மா எடுத்தாராம், இனி இரவில் மணியை எப்படி அணைப்பது என்று அம்மா கேட்கிறார்.

வயர்க்காரன்:
போனைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்.