சுழலாமை, கிளம்பாமை: ‘க்ராங்க்’ ஆகாத இன்ஜினுக்குச் சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம். இன்ஜின் க்ராங்க் ஆகாத பழுதுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘இன்ஜின் க்ராங்க் ஆகவில்லை’ என்பதை ‘இன்ஜின் தொடங்கவில்லை’ என்றே எழுதிவிடலாமே. படிப்பவருக்கு எளிதாகப் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் இன்ஜினை நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 200 சுற்று வேகத்தில் சுழற்றுகிறது. அது க்ராங்க். அந்தச் சுழற்சியில் பெட்ரோல் பற்றி, இன்ஜின் தன் பலத்தில் ஓட ஆரம்பித்தால் அது ஸ்டார்ட். சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் பிளக், பாயின்ட், கார்புரேட்டர், டைமிங் என்று தேட வேண்டும். சுழலவே இல்லை என்றால் அவற்றில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், பேட்டரி கம்பியைப் பார்க்க வேண்டிய ஆள் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்குத் தெரிந்த பட்டறைக்கு வந்த ஓர் அம்பாசிடரைச் சொல்கிறேன். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். கீழே இறக்கி, ரிங், பேரிங் மாற்றி, பெயின்ட் அடித்துப் பளபளவென்று திரும்ப ஏற்றியிருந்தார்கள். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். பேரிங் இறுக்கமாகிவிட்டதோ என்று எல்லோருக்கும் பயம். பட்டறைக்காரர் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. இன்ஜின் இறுகிக் கிடந்தால் செல்ஃப் மோட்டார் பேட்டரியை இழுத்து விளக்கை மங்க வைத்திருக்கும். மங்கவில்லை என்றால் மோட்டாருக்குள் கரன்ட்டே போகவில்லை.

அப்புறம் காரணம் சீக்கிரமே தெரிந்தது. இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாகக் கரன்ட் போகாது. கரன்ட் பேட்டரிக்குத் திரும்புவதற்காக இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டியிருந்தார்கள்தான், ஆனால் புதுப் பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டு பாடியில் தனியாக இருந்ததால் அதற்கு எர்த் கிடைத்து ‘டக்’ என்றது. மோட்டார் இன்ஜினோடு இருந்ததால் அதற்குக் கிடைக்கவில்லை. பேட்டரியின் எர்த் முனையிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தடித்த கேபிள் ஒன்றைப் பிடித்ததும் இன்ஜின் சுழன்றது. பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிய வைத்து முறுக்கினார்கள், முடிந்தது. இதே பழுதில் சில வண்டிகளில் கரன்ட், கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிள் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப முயலும், கேபிள் தொட முடியாத அளவுக்குச் சுடும். சாவியைத் திருப்பும்போது சோக் கேபிளிலிருந்து புகை வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள்.

விளக்கு மங்கி, ‘தொம்’ என்று நின்றால் கதை வேறு. பேட்டரியும் அதன் முனைகளும் நன்றாக இருந்தால், செல்ஃப் மோட்டார் சிக்கியிருக்கலாம், பேரிங் மூடிகள் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஹெட் வேலையின்போது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> க்ராங்குக்கு ‘வணரி’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘வணரியக்கம்’ என்று வைத்தால் என்ன?

வணரி அழகான சொல். சங்கப் பாடல்களில் யாழின் வளைந்த தண்டு ‘வணர்கோடு’. அந்த வேரிலிருந்து வந்த வணரித்தண்டு, வளைந்து வளைந்து போகும் க்ராங்க்ஷாஃப்ட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் வணரித்தண்டு இன்ஜின் ஓடும்போதும் இயங்குகிறதே! அப்போது அதுவும் வணரியக்கம்தானே? ஆங்கிலத்தில் இந்த வினைக்கு அந்தப் பெயர் வந்தது வளைந்த கைப்பிடியால் சுற்றியதால். 1912-இல் கேடிலாக் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த பிறகும் அங்கே பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கு அந்தக் கடன் தேவையில்லை.

‘முன்சுற்று’, ‘தொடக்கச் சுற்று’ இரண்டும் விளையாட்டுப் போட்டிக்குப் போய்விட்டன. பட்டறையில் ‘சுத்து’ என்கிறார்கள், ஆனால் சுற்று என்பது தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒன்றே. சுழல், சுழற்று என்றால் இரண்டும் பிரிந்துவிடும். செல்ஃப் மோட்டார் சுழற்றுகிறது, இன்ஜின் சுழல்கிறது. ஸ்டார்ட் ஆவதற்குக் கிளம்பு என்ற சொல் ஊரெல்லாம் இருக்கிறது. ‘வண்டியைக் கிளப்பு’ என்று சொல்லாத ஆள் உண்டா? அதற்குப் பிறகு ‘ஓடுகிறது’.

ஆகவே என் பரிந்துரை: க்ராங்க் செய்வது சுழற்றல். சுழலாத பழுதுக்குச் சுழலாமை, சுழன்றும் பிடிக்காத பழுதுக்குக் கிளம்பாமை. கொல்லாமை, கள்ளாமை போல இலக்கணத்தில் ஏற்கெனவே உள்ள அச்சு இது, புதிதாக எதையும் ஒட்டவில்லை. பழுது அட்டவணையில் இப்படி வரும்: ‘சுழலாமை, விளக்கு மங்கவில்லை: எர்த் பட்டை, சொலினாய்டு பார்க்கவும்.’

> செல்ஃப் மட்டும் ‘உய்ங்’ என்று சுற்றி, இன்ஜின் அசையாவிட்டால்?

நல்ல கேள்வி தம்பி. செல்ஃப் மோட்டாரின் முனையிலுள்ள பென்டிக்ஸ் பல்சக்கரம் இன்ஜினின் ரிங் கியரில் போய் மாட்டவில்லை, பெரும்பாலும் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் காரணம். இன்ஜின் சுழலவில்லை என்பதால் இதுவும் சுழலாமையில்தான் சேரும். மோட்டார் சுற்றுவதை ‘வெறுஞ்சுழற்சி’ என்று குறிக்கலாம்.

கிளம்பு என்பது ‘புறப்படு’ என்றும் பொருள்படுமே என்ற தயக்கம் இன்னும் எனக்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பழைய ஆஸ்டின், மொரிஸ் வண்டிகளில் வேலை பார்ப்பவர்களும், கிணற்று ஆயில் இன்ஜினைக் கையால் சுற்றிவிட்டவர்களும் இங்கே இருப்பீர்கள். உங்கள் பக்கத்தில் இந்த இரண்டு பழுதையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.