இன்ஜினியரிங் முதல் வருஷம்: கால்குலஸ் 1-ஆ, நேரா 2-ஆ?

புதுபேட்ச்:
அடுத்த மாசம் மெக்கானிக்கல் சேருறேன். எங்க காலேஜ்ல எந்தக் கணக்குல ஆரம்பிக்கிறதுன்னு நாமளே முடிவு பண்ணணும். ப்ரீகால்குலஸ் (கால்குலஸுக்கு முந்தின அடிப்படை), கால்குலஸ் 1 (லிமிட், டிஃபரன்ஷியேஷன்), கால்குலஸ் 2 (இன்டக்ரேஷன் முறைகள், சீரிஸ்) மூணுல ஒண்ணு. ஸ்கூல்ல டிஃபரன்ஷியேஷன் முழுசா படிச்சாச்சு, இன்டக்ரேஷன் அரைகுறை. ஆன்லைன்ல வெச்ச தகுதித் தேர்வுல 2-க்கே போகலாம்னு வந்திருக்கு. கூடச் சேருற நண்பன், "தெரிஞ்சதையே திரும்பப் படிச்சு ஒரு செமஸ்டரை வீணாக்காதடா"ங்கிறான். அக்கா, "அவசரப்படாதே"ங்கிறா. ரெண்டு பேர் சொல்றதும் சரின்னுதான் படுது. இப்படி முழிச்சவங்க யாராவது இருக்கீங்களா?

நேர்கோடு:
2 எடுங்க. நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஒண்ணும் ஆகல. 1-ல போய் உட்கார்ந்தா முதல் ஒரு மாசம் தூக்கம்தான்.

சைன்ஸ்கொயர்:
தூக்கம் வரும்ங்கிறது நிஜம். ஆனா நான் நேரா 2-ல குதிச்சு விழுந்தவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நான் விழுந்தது கால்குலஸ்ல இல்ல. முதல் மிட்டெர்ம்ல ஒரு கணக்கு: மேல எக்ஸ் ஸ்கொயர், கீழ (1 மைனஸ் எக்ஸ் ஸ்கொயர்) முழுசுக்கும் வர்க்கமூலம். இதை இன்டக்ரேட் பண்ணணும். எக்ஸுக்குப் பதில் சைன் தீட்டா போட்டேன். மேல ஒரு காஸ், கீழ ஒரு காஸ், அடிச்சாச்சு. மிச்சம் சைன் ஸ்கொயர் தீட்டா. ரெண்டே வரி! அங்கேயே பேனா நின்னுடுச்சு. அதை "1 மைனஸ் காஸ் 2 தீட்டா, பை 2"ன்னு மாத்தியிருந்தா அடுத்த வரியில முடிஞ்சிருக்கும். ஞாபகத்துக்கே வரல. சைன் கியூப் பை 3-ன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். (இப்ப டைப் பண்ணும்போதும் கூசுது.)

2-ல பாதி நாள் இந்தப் பொழப்புதான்: ட்ரிக் ஃபார்முலா, பார்ஷியல் ஃப்ராக்ஷன். அப்புறம் சீரிஸ் வரும். 1, அரை, மூணுல ஒண்ணு, கால்னு கூட்டிக்கிட்டே போனா, ஒவ்வொண்ணும் சின்னதாகிட்டே வந்தாலும் மொத்தம் எல்லை இல்லாம வளரும். கீழ இருக்கிறதை எல்லாம் ஸ்கொயர் பண்ணிட்டுக் கூட்டினா ஒரு எண்ணுக்குள்ள அடங்கிடும். இது ஏன்னு பிடிபட லிமிட் தெளிவா இருக்கணும். நம்ம ஆளுங்க 1-ல தூங்குறது சரியா அந்த வாரத்துலதான்.

தகுதித் தேர்வை ரொம்ப நம்பாதீங்க. நாலு விடையில ஒண்ணை க்ளிக் பண்றது வேற, வெள்ளைத் தாள்ல முழுசா போடுறது வேற. 1-ஓட பழைய செமஸ்டர் வினாத்தாள் ஒண்ணு வாங்குங்க, போனை அடுத்த ரூம்ல வெச்சுட்டு உட்காருங்க. எக்ஸ் பவர் எக்ஸை டிஃபரன்ஷியேட் பண்ணச் சொன்னா கை தானா லாக் எடுக்கப் போகணும். கூம்புத் தொட்டியில தண்ணி நிரம்புற கணக்கு வந்தா ஆரத்தை உயரத்துல எழுதி, டிஃபரன்ஷியேட் பண்ணி, கடைசியிலதான் எண்ணைப் போடணும். முதல்லயே உயரம் 2 மீட்டர்னு போட்டுட்டா எல்லாமே மாறிலி, விடை 0. தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும், மட்டம் மட்டும் ஏறாது!

டுட்டோரியல்காரன்:
முதல் வருஷப் பசங்களுக்கு டுட்டோரியல் எடுக்கிறவன் நான். ப்ரீகால்குலஸை இப்பவே விட்டுடுங்க, உங்களுக்கு அது இல்ல. கணக்கை மட்டும் தனியா பார்க்காதீங்க, டிபார்ட்மென்ட் சிலபஸைத் திறந்து பின்னாலிருந்து வாங்க. டைனமிக்ஸ், வைப்ரேஷன் எல்லாம் எந்த செமஸ்டர், அதுக்கு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் முன்னாடியே முடிச்சிருக்கணுமா? 1-ல ஆரம்பிச்சும் அது நேரத்துக்கு முடியும்னா அவசரமே இல்ல. இன்னொண்ணு, பாடம் மாத்திக்கக் கடைசித் தேதி எதுன்னு கேட்டு வெச்சுக்குங்க. முதல் மிட்டெர்ம் மார்க் வர்றதுக்குள்ள அந்தத் தேதி போயிடுச்சுன்னா, 2-ல மாட்டினவன் மாட்டினவன்தான்.

புதுபேட்ச்:
ஞாயித்துக்கிழமை வினாத்தாளோட உட்கார்ந்தேன். கூம்பு வந்துச்சு. எக்ஸ் பவர் எக்ஸும் வந்துச்சு. மாட்டினது வேற இடம்: மாடுலஸ் எக்ஸுக்கு 0-ல ஏன் டெரிவேட்டிவ் இல்லைன்னு லிமிட் வெச்சுக் காட்டச் சொல்லியிருந்தாங்க. படம் போட்டு "இங்க முனை இருக்கு"ன்னு எழுதினேன், அதுக்கு மேல ஓடல. சிலபஸையும் பார்த்தேன், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் நாலாவது செமஸ்டர்லதான் வேணும். 1-லயே சேர்ந்துட்டேன். நண்பன் 2-ல இருக்கான், அவன் நோட்டை அப்பப்ப வாங்கிப் பார்த்துக்கிறேன்.

சைன்ஸ்கொயர்:
இடப்பக்கத்துல இருந்து வந்தா மைனஸ் 1, வலப்பக்கத்துல இருந்து வந்தா 1. ரெண்டும் ஒத்துப்போகல, அதனால லிமிட் இல்ல. அவ்வளவுதான் அந்தக் கணக்கு. நோட்டு வாங்கினா முதல்ல சைன் ஸ்கொயர் பக்கத்தைப் பாருங்க, அவன் என்ன எழுதியிருக்கான்னு எனக்கும் சொல்லுங்க.